ரம்மிக்குப் பூட்டு, ரத்தினக் கல்லுக்கு ரத்தினக் கம்பளமா?

1/ போன மாசம் ஓபியில ஒரு பையன். 15 வயசு, பத்தாவது. ரெண்டு மாசமா தலைவலி. கண் டாக்டர் பார்த்தாச்சு, பவர் இல்லை. பிபி நார்மல், காய்ச்சல் இல்லை, கழுத்துல இறுக்கம் இல்லை. அம்மா மூணு வீட்ல சமையல் வேலை. மந்தைவெளியில ரெண்டு, அடையாறுல ஒண்ணு. இந்த இழை அந்தப் பையனைப் பத்தி. கொஞ்சம் என்னைப் பத்தியும். நீளமா போகும், பொறுத்துக்கோங்க. (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

2/ "ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குற தம்பி?" பதில் இல்லை. அம்மா சொன்னாங்க: "எங்க மேடம் தூங்குறான்? ரெண்டு மணிக்கு எழுந்து பார்த்தா போர்வைக்குள்ள வெளிச்சம். அதுகூடப் போகட்டும். என் போன்லேர்ந்து பதினாலாயிரத்து இருநூறு ரூபா போயிருக்கு. எனக்கே தெரியாது. பேங்க்ல போய் என்ட்ரி போட்டப்பதான் தெரிஞ்சுது."

3/ அது என்ன பணம்னு கேட்டேன். கல்யாணத்துக்குப் போட்ட கல்லுத் தோடு கோவிட் சமயத்துல அடகுக்குப் போய், வட்டி கட்ட முடியாம மூழ்கிடுச்சு. திரும்ப ஒரு ஜோடி வாங்கணும்னு அஞ்சு வருஷமா மாசாமாசம் சேர்த்த பணம். டி.நகர்ல எந்தக் கடைன்னுகூட முடிவு பண்ணி வெச்சிருந்தாங்க.

4/ பையனைப் பார்த்து, "அவ்ளோ பணத்துக்கு என்னப்பா வாங்கின?"ன்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னான்: "கல்லு மேடம்."
அம்மாவுக்குப் புரியலை. எனக்குப் புரிஞ்சுது. போனை வாங்கிப் பார்த்தேன். கருப்பு பின்னணி, நடுவுல சிவப்பா ஒரு ரத்தினம், கீழ "மேம்படுத்து" பட்டன், மூலையில இறங்கிக்கிட்டே இருக்கிற ஒரு கடிகாரம். அந்தத் திரையில நானும் பல ராத்திரி உட்கார்ந்திருக்கேன்.

5/ ஆமா. அரசு மருத்துவர், 35 வயசு, எம்பிபிஎஸ். 2022-ல இதே மாதிரி ஒரு கேம்ல (பேர் வேண்டாம்) அஞ்சு மாசத்துல நான் கல்லுக்குச் செலவு பண்ணது 38,740 ரூபாய். ஒரே தடவையா இல்லை. 89, 449, 899, திரும்ப 89. எல்லாத்தையும் கூட்டிப் பார்க்கிற தைரியம் ஆறு மாசம் கழிச்சுத்தான் வந்துச்சு. வீட்ல இன்னைக்கு வரைக்கும் தெரியாது. இப்ப தெரியும்.

6/ எது என்னை நிறுத்துச்சுன்னு சொல்லிடறேன். ஒரு நைட் டியூட்டி, மணி 2:40. டியூட்டி ரூம்ல உட்கார்ந்து கல்லைத் திறந்துக்கிட்டு இருக்கேன். கேஷுவாலிட்டியிலேர்ந்து போன். "இதோ வர்றேன் சிஸ்டர்"னு சொல்லிட்டு, இன்னும் ஒரே ஒரு தடவை அழுத்திட்டுத்தான் எழுந்தேன். பத்து செகண்ட் இருக்கும். நோயாளிக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா அந்தப் பத்து செகண்டை நான் இன்னும் மறக்கலை.

7/ அதனால இது "இந்தக் காலத்துப் பசங்க கெட்டுப் போச்சு" பிரசங்கம் இல்லை. கேம் ஆடுறவங்களைத் திட்டுற இழையும் இல்லை. எனக்குக் கேம் பிடிக்கும். கோபம் ஒரே ஒரு விஷயத்து மேலதான்: அதிர்ஷ்டத்தைப் பாக்கெட் போட்டுப் பணத்துக்கு விக்கிறது, அதையும் பிள்ளைங்ககிட்ட விக்கிறது, அதைச் சட்டம் கண்டுக்காம இருக்கிறது.

8/ கேம் ஆடாதவங்களுக்காகச் சுருக்கமா. ஆக்‌ஷன் ஆர்பிஜி வகை கேம்கள்ல ஒரு வீரன், அவன்கிட்ட வாள், கவசம், தலைக்கவசம் இருக்கும். அதுல குழி இருக்கும். குழியில ரத்தினம் பதிச்சா பலம் கூடும். மோதிரத்துல கல் பதிக்கிற மாதிரியே. கல்லோட தரம் கூடக் கூட வீரன் பலம் கூடும். அவ்ளோதான்.

9/ இந்தக் கல்லு விஷயம் புதுசு இல்லை. 2000-ல வந்த டயாப்லோ 2-ல இருந்தது. மயிலாப்பூர்ல எங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல நானும் அண்ணனும் முறை போட்டு ஆடின கேம். ரிச்சி ஸ்ட்ரீட்ல அண்ணன் வாங்கிட்டு வந்த சிடி. (அது ஒரிஜினலான்னு கேக்காதீங்க.)

10/ அதுல மாணிக்கக் கல்லை வாள்ல பதிச்சா நெருப்பு அடி. கவசத்துல பதிச்சா உயிர் கூடும். கல்லுல அஞ்சு தரம். ஒரே தரத்துல மூணு கல்லை ஒரு மந்திரப் பெட்டியில போட்டா அடுத்த தரத்துல ஒரு கல். மூணு, ஒன்பது, இருபத்தேழு, எண்பத்தொண்ணு. அடிமட்டக் கல் 81 சேர்த்தா உச்சக் கல் ஒண்ணு. எட்டாவது படிச்ச எனக்கு அடுக்குக்குறி எண்களைக் கணக்கு வாத்தியார் சொல்லிக் கொடுத்ததைவிட அந்தப் பெட்டிதான் நல்லா சொல்லிக் கொடுத்துச்சு.

11/ கவனிங்க. மூணு போட்டா ஒண்ணு வரும். வந்தே தீரும். "மன்னிக்கவும், இந்த முறை தோல்வி, கல் உடைஞ்சு போச்சு"ன்னு அந்தப் பெட்டி சொல்லாது. அரக்கனைக் கொன்னா எந்தக் கல் கிடைக்கும்கிறது மட்டும் அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டத்துக்கு நான் கொடுத்த விலை என் நேரம். எனக்குக் கல் கிடைக்காத ஒவ்வொரு தடவையும் கம்பெனிக்கு அஞ்சு பைசா லாபம் இல்லை.

12/ அதே டயாப்லோ வரிசையில 22 வருஷம் கழிச்சு, 2022 ஜூன்ல, மொபைலுக்கு டயாப்லோ இம்மார்ட்டல் வந்துச்சு. வெளியாகுறதுக்கு முன்னாடி கேமோட இயக்குநர் பொதுவெளியில சொன்னது: பணம் கொடுத்து ஆயுதமோ கவசமோ வாங்கவும் முடியாது, தரம் உயர்த்தவும் முடியாது. வார்த்தைக்கு வார்த்தை பார்த்தா உண்மைதான். வாளை விக்கலை. வாள்ல பதிக்கிற கல்லுக்கு வழி வித்தாங்க. நகைக்கடைக்காரர் "மோதிரத்துக்குக் காசே வேண்டாம்மா, வைரத்துக்கு மட்டும் கொடுங்க"ன்னு சொல்ற மாதிரி.

13/ எப்படி வேலை செய்யுது? கல்லை நேரா வாங்க முடியாது. முதல்ல ரூபாய் கொடுத்து ஒரு வகை உருண்டை வாங்கணும். உருண்டையைக் கொடுத்து ஒரு முத்திரை வாங்கணும். முத்திரையை ஒரு குகை வாசல்ல வெச்சுட்டு உள்ளே போய்ச் சண்டை போடணும். சண்டை முடிஞ்சா கல் விழும்.
அந்தச் சண்டை எதுக்கு? நாமே ஜெயிச்சு வாங்கின மாதிரி தோணுறதுக்கு. காசு கட்டினது அஞ்சு நிமிஷம் முன்னாடி. அது மறந்து போறதுக்கு.

14/ என்ன கல் விழும்? கம்பெனியே வெளியிட்ட கணக்கு: ஒரு முத்திரைக்கு அஞ்சு நட்சத்திரக் கல் கிடைக்க வாய்ப்பு 4.5 சதவீதம். அந்த அஞ்சு நட்சத்திரத்துக்குள்ளேயும் தரம் உண்டு. முழுத் தரம், அதாவது அஞ்சுக்கு அஞ்சு கிடைக்க, அந்த 4.5-ல ஒரு சதவீதம். அதாவது 0.045 சதவீதம். 2,200 தடவைக்கு ஏறக்குறைய ஒரு தடவை.

15/ கிடைச்சாலும் முடியாது. அந்தக் கல்லைத் தரம் உயர்த்த அதே பேர்ல இன்னும் கல்லுங்க வேணும். அதுக்கும் அதே குகை, அதே முத்திரை. ஒரு வீரனை முழுசா உச்சத்துக்குக் கொண்டு போக ஒரு லட்சம் டாலருக்கு மேல ஆகும்னு அப்பவே ஆட்டக்காரங்க கணக்குப் போட்டாங்க. நியூசிலாந்துல ஒரு ஸ்ட்ரீமர் இதைக் காட்டுறதுக்காகவே நேரலையில செலவு பண்ணார். ஒரே ஒரு முழுத் தரக் கல் வர்றதுக்குள்ள 25,000 நியூசிலாந்து டாலரைத் தாண்டிடுச்சு. கடுப்புல அந்தக் கல்லையே அழிச்சுட்டு கேமை விட்டுப் போனார்.

16/ 4.5 சதவீதம்னா 20 தடவைக்குள்ள கிடைச்சுடும்னு மனசு சொல்லும். என் மனசும் சொன்னது. கணக்கு வேற. 20 தடவை அழுத்தினாலும் 100 பேர்ல 40 பேருக்கு ஒண்ணுகூட வராது. 50-வது தடவை கட்டாயம் ஒண்ணு வரும்னு கேம்லயே வெச்சிருக்காங்க. கருணை இல்லை அது. 30-வது தடவையில வெறுத்துப் போய் எழுந்திருக்கப் போறவனை, "இன்னும் இருபதுதானே"ன்னு உட்கார வைக்கிற கயிறு.

17/ இதைப் பத்திப் பேசினாலே "டோபமின்"னு ஒரு வார்த்தையைச் சொல்லி முடிச்சுடுவாங்க. சாப்பிட்டாலும் டோபமின்தான், சண்டை போட்டாலும் டோபமின்தான். உருப்படியா தெரிஞ்சுக்க வேண்டியது வேற. எந்தத் தடவை பரிசு வரும்னு தெரியாம வைக்கிறப்பதான் உயிர்கள் விடாம அழுத்திக்கிட்டே இருக்கும்னு ஸ்கின்னர் புறாக்களை வெச்சு ஆராய்ச்சி பண்ணிக் காட்டி எழுபது வருஷம் ஆச்சு. சூதாட்ட மெஷின் ஓடுறது அந்த விதியிலதான். கல்லு ஓடுறதும் அந்த விதியிலதான்.

18/ "அதான் வாய்ப்பு எவ்வளவுன்னு வெளிப்படையா போட்டுட்டாங்களே, அப்புறம் என்ன?"ன்னு கேப்பீங்க. வாங்க, கொரியா போவோம். மேப்பிள் ஸ்டோரி, நெக்ஸான் கம்பெனி கேம். அதுல ஆயுதத்தோட சிறப்புத் தன்மையை மாத்த "க்யூப்"னு ஒண்ணு பணத்துக்கு வித்தாங்க. நல்ல தன்மை வர்ற வரைக்கும் மக்கள் வாங்கி வாங்கி உருட்டினாங்க.

19/ 2024 ஜனவரியில கொரியாவோட வணிகப் போட்டி ஆணையம் நெக்ஸானுக்கு 1,160 கோடி வோன் அபராதம் போட்டுச்சு. ஏன்? எல்லாரும் ஆசைப்பட்ட தன்மைகள் வர்ற வாய்ப்பைச் சொல்லாமலே குறைச்சிருந்தாங்க. சில சேர்க்கைகள் வரவே வராதபடி வெச்சிருந்தாங்க. வாய்ப்பு பூஜ்யம். வரவே வராத ஒண்ணுக்காக மக்கள் வருஷக்கணக்கா காசு கட்டியிருக்காங்க. அந்த மார்ச் மாசத்துலேர்ந்து கொரியாவுல வாய்ப்பு விவரத்தை வெளியிடுறது சட்டப்படி கட்டாயம்.
சரி, நம்ம பையன் போன்ல இருக்கிற கேம் போட்டிருக்கிற சதவீதம் உண்மையான்னு இந்தியாவுல யார் சரிபார்க்கிறாங்க?

20/ உஸ்மான் ரோடுல ரெண்டு கிராம் கம்மல் வாங்கினாலும் அதுல ஹால்மார்க் முத்திரையும் ஆறு இலக்க அடையாள எண்ணும் இருக்கணும்னு சட்டம் இருக்கு. சந்தேகம் வந்தா உரசிப் பார்க்க ஆள் இருக்கு, எடை போட்டுப் பார்க்கத் தராசு இருக்கு. போன்ல விக்கிற மாணிக்கத்துக்குத் தராசும் இல்லை, உரைகல்லும் இல்லை.

21/ இப்ப சட்டத்துக்கு வருவோம். சூதாட்ட விஷயத்துல தமிழ்நாடு தூங்கிக்கிட்டு இருந்த மாநிலம் இல்லை. 1968-ல அரசே தொடங்கின லாட்டரியை 2003 ஜனவரியில அரசே தடை பண்ணுச்சு. கிண்டி குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-லயே சட்டம் போட்டாங்க. 1996-ல உச்ச நீதிமன்றம் "குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது"ன்னு சொல்லி, அந்தச் சட்டம் அதுக்குப் பொருந்தாதுன்னு தீர்ப்பு கொடுத்துச்சு. திறமையா அதிர்ஷ்டமாங்கிற அந்த ஒத்தைக் கேள்வியைச் சுத்தித்தான் அம்பது வருஷமா நம்ம வழக்கு எல்லாம் ஓடுது.

22/ அடுத்து ஆன்லைன் ரம்மி. கடன்ல மாட்டி எத்தனை குடும்பம் அழிஞ்சுதுன்னு எல்லாருக்கும் தெரியும். 2022-ல நீதிபதி சந்துரு குழு, அதே வருஷம் சட்டமன்றத்துல மசோதா, ஆளுநர் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரல்ல சட்டம். அந்த நவம்பர்ல உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏத்துக்கிச்சு, ரம்மியையும் போக்கரையும் மட்டும் தடைப் பட்டியல்லேர்ந்து விடுவிச்சுது.

23/ 2025 பிப்ரவரியில தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் விதிமுறை கொண்டு வந்துச்சு. பணம் வெச்சு ஆடுற கேமுக்கு 18 வயசு ஆகியிருக்கணும். ஆதார் சரிபார்ப்பு. ராத்திரி 12-லேர்ந்து காலை 5 வரை உள்ளேயே போக முடியாது. ஜூன்ல உயர் நீதிமன்றம் "சரி"ன்னு சொல்லிடுச்சு. ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் ஒரு படி மேல போய், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டிப் பணம் ஜெயிக்கிற ஆன்லைன் கேம் எல்லாத்தையும் தடை பண்ணிச் சட்டம் போட்டுடுச்சு. கை தட்டினேன். இப்பவும் தட்டுறேன்.

24/ ஆனா அந்தச் சட்டத்தோட இதயம் எது? ஜெயிச்சா பணமோ வேற ஆதாயமோ கிடைக்கும்னு எதிர்பார்த்துக் காசு கட்டுறது. கல்லுல அது இல்லை. கல்லு பணமா திரும்ப வராது. அதனால அது சூதாட்டம் இல்லை, "பொழுதுபோக்கு". நான் வக்கீல் இல்லை. ஆனா நடைமுறையில நடக்கிறது இதுதான்: ரம்மி ஆப் மூடிக் கிடக்கு, கல்லுக் கடை 24 மணி நேரமும் திறந்திருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கும் 15 வயசுப் பையனுக்கு வியாபாரம் நடக்குது.

25/ இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. லாட்டரியில கோடியில ஒருத்தனுக்காவது பரிசு விழும். ரம்மியில பத்துல ஒருத்தன் ஜெயிச்சிருப்பான். கல்லுல? யாருமே ஒரு ரூபாகூட ஜெயிக்க முடியாது. அதனாலதான் அது சட்டப்படி சுத்தம்! ஜெயிக்க வழி இருந்தா சூது. தோக்க மட்டுமே வழி இருந்தா விளையாட்டு. இப்படி ஒரு நியாயத்தை எந்த ஊர்லயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?

26/ சட்டம் கேக்குற கேள்வி, "பணம் திரும்ப வருமா?" கேக்க வேண்டிய கேள்வி, "என்ன கிடைக்கும்னு தெரியாமலே பணம் வாங்குறியா?" ரெண்டாவது கேள்வியைக் கேட்ட நாடுகள் இருக்கு. பெல்ஜியம் 2018-லயே காசுக்கு விக்கிற இந்த அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சூதாட்டம்னு சொல்லிடுச்சு. டயாப்லோ இம்மார்ட்டல் பெல்ஜியத்துலயும் நெதர்லாந்துலயும் வெளியாகவே இல்லை. அதாவது சட்டம் இருந்தா கம்பெனி அடங்கும். இல்லாத ஊர்லதான் கடை விரிக்கும்.

27/ அமெரிக்காவுல 2025 ஜனவரி. கென்ஷின் இம்பாக்ட் கேமை அங்கே விக்கிற கம்பெனி, அரசோட வர்த்தக ஆணையம் போட்ட வழக்குல 2 கோடி டாலர் கட்டச் சம்மதிச்சுது. குற்றச்சாட்டு என்ன? பிள்ளைங்களையும் மத்தவங்களையும் வாய்ப்பு பத்தியும் உண்மையான செலவு பத்தியும் ஏமாத்தினது. ரூபாய்க்கு ஒரு நாணயம், அந்த நாணயத்துக்கு இன்னொரு நாணயம்னு அடுக்கடுக்கா வெச்சுக் குழப்பினது. 16 வயசுக்குக் கீழ இருந்தா பெத்தவங்க சம்மதம் இல்லாம விக்கக் கூடாதுன்னும் ஒப்புக்கிட்டாங்க. அமெரிக்கப் பிள்ளைக்கு இருக்கிற அந்தப் பாதுகாப்பு மந்தைவெளிப் பிள்ளைக்கு வேண்டாமா?

28/ இனி வழக்கமா வர்ற பதில்கள். முதல்ல: "என் காசு, என் இஷ்டம்." வயசு வந்தவங்களுக்கு ஒத்துக்கிறேன். நான் 38,740 ரூபாயைத் தொலைச்சது என் பொறுப்பு. தடை பண்ணச் சொல்லலை. ஆனா விலை தெரிஞ்சு வாங்குறதுதான் இஷ்டம். விலையையே மறைச்சு, நேரத்தைக் குறைச்சு, பாதித் தூக்கத்துல அழுத்த வெச்சுட்டு அதை இஷ்டம்னு சொல்லாதீங்க.

29/ ரெண்டாவது: "சின்ன வயசுல நாம கிரிக்கெட் அட்டைக்காக பபிள்கம் வாங்கலையா?" வாங்கினோம். ஒரு ரூபாய். கடை ராத்திரி மூடும். அண்ணாச்சிக்கு நம்ம முகம் தெரியும், பத்தாவது பாக்கெட் கேட்டா "உங்கப்பாகிட்ட சொல்லவா?"ன்னு மிரட்டுவார். எந்த அட்டை நம்மகிட்ட இல்லைன்னு அவருக்குத் தெரியாது. இந்தக் கடைக்குத் தெரியும். கடைசியா எப்ப அழுத்தினோம், எப்ப எழுந்து போகப் பார்த்தோம், எல்லாம் அங்கே பதிவாகும்.

30/ மூணாவது: "பெத்தவங்க பார்த்துக்கணும்." காலையில அஞ்சரைக்கு மந்தைவெளி, பத்து மணிக்கு அடையாறு, சாயங்காலம் திரும்ப மந்தைவெளி. இங்கிலீஷ்ல வர்ற எஸ்எம்எஸ் படிக்கத் தெரியாது. கரண்ட் பில் கட்ட, ரேஷன் மெசேஜ் பார்க்க, மகன்தான் போனை இயக்கணும். அதனால பின் நம்பர் மகனுக்குத் தெரியும். எதிர்ப் பக்கம் மனசு எப்படி வேலை செய்யும்னு படிச்சவங்க, புள்ளிவிவரம் படிச்சவங்க, நூறு பேர். இந்தப் பக்கம் இந்த அம்மா ஒருத்தர். இதைச் சம போட்டின்னு சொல்றீங்களா?

31/ நாலாவது, என் துறைக்காரங்களே கேக்குறது: "எல்லாத்தையும் நோய் ஆக்கிடுவீங்களா?" மாட்டேன். உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல்ல கேமிங் கோளாறு 2022 ஜனவரியிலேர்ந்து நடைமுறையில இருக்கு. அதுக்குக் கடுமையான அளவுகோல் உண்டு: கட்டுப்பாடு போகணும், மத்த எல்லாத்தையும்விட கேம் முக்கியமாகணும், கெடுதல் தெரிஞ்சும் தொடரணும், வழக்கமா 12 மாசமாவது நீடிக்கணும். ஆடுறவங்கள்ல பெரும்பாலானோர் அதுல வர மாட்டாங்க. இந்தப் பையனும் நோயாளி இல்லை. நானும் இல்லை. ஏமாந்தவங்க. ஏமாந்தவங்களுக்கு மாத்திரை எழுதிட்டு ஏமாத்தினவங்களை விட்டுடக் கூடாதுன்னுதான் சொல்றேன்.

32/ என்ன வேணும்? அஞ்சே அஞ்சு:
ஒண்ணு, பட்டன் மேலயே ரூபாய்ல விலை. உருண்டை, முத்திரை கணக்கு வேண்டாம்.
ரெண்டு, 18 வயசுக்குக் கீழ அதிர்ஷ்டப் பெட்டி விற்பனை கூடாது.
மூணு, போட்டிருக்கிற வாய்ப்பு சதவீதத்தை வெளியாள் தணிக்கை பண்ணணும். அது தமிழ்லயும் இருக்கணும்.
நாலு, இதுவரை மொத்தம் எவ்வளவு செலவு பண்ணியிருக்கோம்னு ஒவ்வொரு தடவையும் திரையில வரணும். மாச உச்சவரம்பும் வேணும்.
அஞ்சு, ராத்திரி 12 முதல் 5 வரை விற்பனை நிறுத்தம். ஆட்டத்தை நிறுத்த வேண்டாம், கல்லாப் பெட்டியை மூடினா போதும்.

33/ இதுல எதுவும் நிலாவுலேர்ந்து கொண்டு வர வேண்டியது இல்லை. ராத்திரி நேர விதியும் வயசுச் சரிபார்ப்பும் பணம் வெச்சு ஆடுற கேமுக்காக நம்ம மாநில ஆணையமே எழுதினது. மத்திய நுகர்வோர் ஆணையம் 2023 நவம்பர்ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல 13 ஏமாத்து வேலைகளைப் பட்டியல் போட்டிருக்கு. பொய்யான அவசரம் காட்டுறது அதுல உண்டு, நச்சரிக்கிறது உண்டு. அந்த இறங்கிக்கிட்டே இருக்கிற கடிகாரம் முடிஞ்சதும் அதே சலுகை மறுநாளும் வந்தா அதுக்குப் பேர் என்ன? 1872 ஒப்பந்தச் சட்டப்படி 18 வயசு ஆகாதவங்க போடுற ஒப்பந்தமே செல்லாது. சட்டம் இருக்கு சார். எடுத்துப் பிரயோகிக்க ஆள்தான் இல்லை.

34/ பெத்தவங்களுக்கு, இன்னைக்கு ராத்திரியே பண்ணக்கூடியது. பிளே ஸ்டோர்ல ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்டு கேக்குற மாதிரி மாத்துங்க. யுபிஐ பின் மாத்துங்க. ஆட்டோபே பட்டியலைத் திறந்து பாருங்க, தெரியாததை ரத்து பண்ணுங்க. பணம் போனது தெரிஞ்சா 48 மணி நேரத்துக்குள்ள கூகிள்ல ரீஃபண்ட் கேளுங்க, தாண்டிட்டா கேம் கம்பெனிக்கு எழுதுங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, புகாரைப் பதிவு பண்ணுங்க. எண்ணிக்கை ஏறினாத்தான் ஆணையம் திரும்பிப் பார்க்கும்.

35/ அடிக்காதீங்க. போனைச் சுவத்துல வீசி உடைக்காதீங்க. "எவ்வளவு போச்சு?"ங்கிறதுக்கு முன்னாடி "எப்பலேர்ந்து?"ன்னு கேளுங்க. பயத்துல பிள்ளை பொய் சொன்னா அடுத்த தடவை கடன் வாங்குவான். தூக்கம், படிப்பு, சாப்பாடு மூணும் கெட்டிருந்தா அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல மனநல ஓபி இருக்கு, காசு கிடையாது. கீழ்ப்பாக்கம்னு கிண்டல் பண்ற சொந்தக்காரங்களைக் கண்டுக்காதீங்க. நேர்ல போகத் தயக்கமா? டெலிமானஸ், 14416. தமிழ்ல பேசலாம்.

36/ அந்தப் பையன் நேத்து ரிவ்யூவுக்கு வந்திருந்தான். பதினோரு மணிக்குத் தூங்குறானாம், தலைவலி பாதி குறைஞ்சிருக்கு. என் 38,740 கதையை அவன்கிட்ட சொன்னேன். முதல் தடவையா நிமிர்ந்து பார்த்தான். "டாக்டரா இருந்துமா மேடம்?"னான். "டாக்டரா இருந்தும்தான்டா"ன்னேன்.

37/ கிளம்புறப்ப அம்மா கதவுகிட்ட நின்னு தயங்கித் தயங்கிக் கேட்டாங்க. "மேடம், அவன் வாங்கின கல்லு இன்னும் போன்ல இருக்காம். அதைத் திருப்பிக் கொடுக்கவோ அடகு வெக்கவோ வழி இருக்கா?"
இல்லைம்மான்னு சொன்னேன். அஞ்சு வருஷம் முன்னாடி அவங்க தோடு மூழ்கினப்பகூட அடகுக் கடைக்காரர் கையில காசு கொடுத்துத்தான் வாங்கிக்கிட்டார்.

இழை முடிஞ்சது. உங்க வீட்லயும் "கல்லு" கதை இருந்தா கீழ சொல்லுங்க. எவ்வளவு போச்சுன்னு கூட்டிப் பார்த்துட்டுச் சொல்லுங்க.